ரோல் மாட்டும்போதே ஆழம் முடிவாகிவிடும்: புதுச்சேரி, கடலூர் ஐந்து நாள் ஃபிலிம் குறிப்புகள்

முதல் நாள் மாலை: கடற்கரைச் சாலை, புதுச்சேரி

மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. மறுநாள் காலை 7.30 வரை நடப்பவர்களுக்கு மட்டும்தான் சாலை. டிரைபாடை விரித்து வைத்து நிதானமாக வேலை பார்க்க ஊரில் இதைவிடத் தோதான இடம் கிடையாது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களே இன்றைய பயிற்சிக்குப் போதும். சிலைக்கு நேரே நிற்காமல் ஓரமாக, தூண்கள் ஒன்றையடுத்து ஒன்று தள்ளிப் போவது தெரிகிற மாதிரி நில்லுங்கள். எந்தத் தூண் தெளிவாக விழுகிறது, எது கரைகிறது என்பதை வைத்தே டெப்த் ஆஃப் ஃபீல்டை, அதாவது ஃபோகஸுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக விழுகிறது என்பதை, அளந்துவிடலாம். இந்தக் குறிப்புகளில் அதை ஆழம் என்றே எழுதுகிறோம்.

லென்ஸ் கச்சிதமாக ஃபோகஸ் ஆவது ஒரே ஒரு தூரத்தில்தான். 5 மீட்டரில் வைத்தால் 5 மீட்டர். அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் ஃபிலிமில் குட்டி வட்டமாக விழுகிறது. வட்டம் போதுமான அளவு சிறியதாக இருக்கும்வரை கண் அதைப் புள்ளி என்றே நம்பும். 35 மிமீ ஃபிலிமுக்கு அந்த எல்லையை 0.03 மிமீ என்று வைத்துக்கொள்வது வழக்கம். இந்த எண் வந்தது பிரிண்டிலிருந்து. 24க்கு 36 மிமீ நெகட்டிவை 8க்கு 12 அங்குலமாக்கினால் எட்டரை மடங்கு பெருகுகிறது, 0.03 மிமீ வட்டம் கால் மிமீ ஆகிறது. கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் கால் மிமீ வட்டம் புள்ளியாகத்தான் தெரியும். அதையே 12க்கு 18 போட்டு அதே ஒரு சாணில் பார்த்தால் அப்படித் தெரியாது. கான்டாக்ட் ஷீட்டில் (நெகட்டிவை அதே அளவில் பிரிண்ட் போட்ட தாள்) எல்லாப் படமும் முன்னும் பின்னும் பளிச்சென்று இருப்பதும், பெரிதாக்கியதும் பாதி மங்கிப் போவதும் இதனால்தான்.

50 மிமீ லென்ஸை டிரைபாடில் வைத்து, 5 மீட்டரில் நிற்கும் தூணுக்கு ஃபோகஸ் செய்து மூன்று படம் எடுங்கள். எஃப் எண் என்பது லென்ஸின் துளை (அப்பர்ச்சர்) அளவு, எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 2இல் 4.5 மீட்டரிலிருந்து 5.7 வரை தெளிவு. எஃப் 5.6இல் 3.7இலிருந்து 7.5 வரை. எஃப் 16இல் 2.6 மீட்டரில் தொடங்கி அநேகமாக அடிவானம் வரை. இந்த எண்களைப் பார்த்தாலே ஒன்று புரியும். ஃபோகஸுக்கு முன்னால் மூன்றில் ஒரு பங்கு, பின்னால் இரண்டு பங்கு என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுக்கிறார்களே, அது பொதுவிதி இல்லை. எஃப் 2இல் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். எஃப் 16இல் பின்பக்கம் பல மடங்கு. ஒன்றுக்கு இரண்டு என்பது, ஹைப்பர்ஃபோகல் (அடுத்த பத்தியில் வருகிறது) தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஃபோகஸ் செய்யும்போது மட்டும் பொருந்துகிற கணக்கு.

ஹைப்பர்ஃபோகல் என்றால் என்ன என்பதை லென்ஸே சொல்லும். 50 மிமீ லென்ஸைக் கையில் எடுத்து மேலிருந்து பாருங்கள். கேமராவை ஒட்டி அப்பர்ச்சர் வளையம், முன்னால் ஃபோகஸ் வளையம், நடுவில் அசையாத ஒரு பட்டை. பட்டையின் மத்தியில் ஒரு கோடு. அதன் இருபுறமும் 4, 8, 11, 16 என்று ஜோடி ஜோடியாகக் கோடுகள். பழைய நிக்கார் லென்ஸ்களில் எண்ணுக்குப் பதில் நிறம் இருக்கும்: அப்பர்ச்சர் வளையத்தில் 11 எந்த நிறமோ, அதே நிறத்து ஜோடி 11க்கானது. எஃப் 11இல் எடுக்கப் போகிறீர்கள் என்றால் முடிவிலிக் குறியை மத்தியக் கோட்டில் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் தெளிவு 7.6 மீட்டரில்தான் தொடங்கும். முடிவிலிக்கு அப்பால் போகும் பாதி ஆழம் யாருக்கும் பயனில்லை. வளையத்தைத் திருப்பி முடிவிலிக் குறியை ஒரு பக்கத்து 11இல் நிறுத்துங்கள். மத்தியக் கோடு 7.6 மீட்டருக்கு வரும். மறுபக்கத்து 11 காட்டுவது 3.8 மீட்டர். 3.8இலிருந்து கடலின் கடைசிக் கோடு வரை இப்போது உங்கள் கையில். அந்த 7.6தான் ஹைப்பர்ஃபோகல், தெளிவு தொடங்குவது அதில் சரிபாதியில்.

பெரிய பிரிண்ட் போடுகிறவர்கள் இதில் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் ஒரு படி) கழித்துக்கொள்ள வேண்டும். எஃப் 11இல் எடுக்கும்போது 8இன் கோடுகளைப் படியுங்கள். தூரத்தில் இருப்பதுதான் படத்தின் உயிர் என்றால் ஹைப்பர்ஃபோகலையே மறந்துவிட்டு, அந்தத் தூரப் பொருளுக்கே ஃபோகஸ் செய்யுங்கள். ஹைப்பர்ஃபோகலில் முடிவிலி என்பது ஏற்றுக்கொள்ளக்கூடிய மங்கலின் விளிம்பில் நிற்கிறது. பழைய கலங்கரை விளக்கத்தின் ஜன்னல் கம்பி உங்களுக்கு வேண்டுமென்றால் விளிம்பு போதாது.

இரண்டாம் நாள்: வெள்ளை நகரம், வைசியாள் வீதி, பெரிய மார்க்கெட்

டிஜிட்டலில் ஒவ்வொரு படத்துக்கும் ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் வேகம்) மாற்றலாம். ஃபிலிமில் காலையில் மாட்டிய ரோல் 36 படத்துக்கும் ஒரே வேகம். அதனால் இன்று எஃப் 2 கிடைக்குமா, எஃப் 11தான் கிடைக்குமா என்பதை லாட்ஜ் அறையில் ரோலைப் பிரிக்கும்போதே முடிவு செய்துவிடுகிறீர்கள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கணக்கு எளிது. சுள்ளென்று வெயில் அடிக்கும்போது ஐஎஸ்ஓ 100 ரோலுக்கு எஃப் 16இல் ஷட்டர் 1/125 விநாடி. 400 ரோலுக்கு அதே எஃப் 16இல் 1/500. பெரும்பாலான பழைய எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும்) கேமராக்களின் ஷட்டர் 1/1000இல் முடிந்துவிடும். ஆக, 400 ரோலோடு துய்மா வீதியில் பதினோரு மணி வெயிலில் நின்றால், திறக்கக்கூடிய உச்சபட்ச அப்பர்ச்சர் எஃப் 11. மஞ்சள் சுவரின் முன் காகிதப்பூக் கொத்தைத் தனியாகப் பிரித்துக் காட்ட ஆசைப்பட்டால் நடக்காது. சுவரின் காரை உதிர்ந்த ஒவ்வொரு பொத்தலும் பூவோடு போட்டி போடும். 100 ரோல் என்றால் 1/1000இல் எஃப் 5.6 வரை வரலாம். எஃப் 2தான் வேண்டுமென்றால் 1/8000 தேவை. வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும் என்டி8 ஃபில்டரை மாட்டினால் மூன்று ஸ்டாப் குறைந்து 1/1000க்கு இறங்கிவிடும். வியூஃபைண்டர் இருட்டும், அதனால் ஃபோகஸ் செய்துவிட்டு ஃபில்டரைத் திருகுங்கள். திருகும்போது ஃபோகஸ் வளையம் நகராமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கலர் நெகட்டிவில் இன்னொரு வழி இருக்கிறது. இரண்டு ஸ்டாப் அதிக வெளிச்சத்தை அது தாராளமாகத் தாங்கும். கோடக் கோல்டு 200க்கு வெயிலில் 1/1000இல் எஃப் 8 என்றால், எஃப் 4இல் எடுத்தாலும் பிரிண்ட் கெடாது. வெளிச்சம் குறைவது மட்டும் ஆகாது, நிழல்கள் சேறாகிவிடும்.

நிழலுக்குள் போனால் கதையே மாறுகிறது. திறந்த வானத்து நிழலில் வெயிலைவிட மூன்று ஸ்டாப் குறைவு. 100 ரோலுக்கு 1/1000இல் எஃப் 2 தானாக வந்து நிற்கும். 400 ரோலுக்கு 1/500இல் எஃப் 5.6. வைசியாள் வீதியின் திண்ணைகளும் தாழ்வாரங்களும் இதற்காகவே கட்டியவை மாதிரி இருக்கின்றன: தலைக்கு மேல் ஓட்டுச் சாய்ப்பு, எதிரே வெளிச்சம் தெறிக்கும் வெள்ளைச் சுவர், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் மெத்தென்ற ஒளி.

திண்ணைப் படத்தில் ஒரு விஷயத்தை ஆற அமரப் பார்க்க வேண்டும். 50 மிமீ லென்ஸில் 1.5 மீட்டரில் ஒருவர். எஃப் 2இல் ஆழம் மொத்தம் சுமார் 10 செ.மீ. அருகிலிருக்கும் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது மங்கத் தொடங்கும். ஆழம் என்பது எது தெளிவு என்பதைத்தான் சொல்கிறது. பின்னணி எவ்வளவு கரையும் என்பது வேறு கணக்கு. அவருக்கு அரை மீட்டர் பின்னால் வீட்டுச் சுவர் இருந்தால், எஃப் 2இல் சுவரின் ஒரு புள்ளி ஃபிலிமில் 0.21 மிமீ வட்டமாகிறது. அவரையே தெரு நீளத்துக்குத் திரும்பி உட்காரச் சொல்லி, பின்னணி 20 மீட்டர் தள்ளித் தெருமுனையாக இருக்கும்படி நகர்ந்தால், எஃப் 5.6இலேயே வட்டம் 0.28 மிமீ. அதாவது எஃப் 2இல் சுவரோரமாக எடுப்பதைவிட, எஃப் 5.6இல் தெருமுனையைப் பின்னால் வைத்து எடுப்பது பின்னணியை அதிகம் கரைக்கும். 400 ரோல் மாட்டிவிட்டோமே என்று அங்கலாய்க்க வேண்டியதில்லை. "அய்யா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்களேன்" என்று பணிவாகக் கேட்டால் இரண்டு மூன்று ஸ்டாப் லாபம்.

முகத்தை நெருங்கும்போது வழக்கமாக நடக்கும் தவறு: வியூஃபைண்டரின் நடுவில் இருக்கும் பிளவு வட்டத்தில் கண்ணுக்கு ஃபோகஸ் செய்துவிட்டு, கேமராவைச் சாய்த்துச் சட்டகத்தை மாற்றுவது. 1 மீட்டரில் எஃப் 2க்கு ஆழம் நாலரை செ.மீ., அதாவது முன்பக்கம் இரண்டேகால். கேமராவை 15 டிகிரி சாய்த்தால் ஃபோகஸ் தளம் கண்ணைவிட 3.4 செ.மீ. பின்னால் போய்விடுகிறது. கண் மங்கல், காதோரம் தெளிவு. லென்ஸ் சரியில்லை என்று பழி போடுவார்கள். சட்டகத்தை முதலில் அமைத்துவிட்டு, பிளவு வட்டத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள மங்கல் கண்ணாடிப் பரப்பிலேயே கண்ணுக்கு ஃபோகஸ் செய்யுங்கள். அது முடியாதென்றால் கேமராவைச் சாய்க்காமல் அப்படியே மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்துங்கள்.

வியூஃபைண்டரை எவ்வளவு நம்பலாம் என்பதும் இங்கே வருகிறது. அப்பர்ச்சரை எதில் வைத்திருந்தாலும் எஸ்எல்ஆரில் நீங்கள் பார்ப்பது முழுக்கத் திறந்த லென்ஸை. டெப்த் பிரிவியூ கம்பியை அழுத்தினால்தான் அது மூடும், காட்சி இருட்டும். பத்து விநாடி கண் பழகிய பிறகு பின்னணியைப் பாருங்கள். நிக்கான் எஃப்எம்2இல் இந்தக் கம்பி உண்டு, பென்டாக்ஸ் கே1000இல் கிடையாது. இரட்டை லென்ஸ் யாஷிகா மேட் 124ஜியில் பார்க்கும் லென்ஸ் எஃப் 2.8, படம் எடுக்கும் லென்ஸ் எஃப் 3.5. மேலே தெரிவதைவிடப் படத்தில் எப்போதும் ஆழம் கூடுதல்தான். ஃபோகஸ் குமிழைச் சுற்றியுள்ள அளவுகோல்தான் அங்கே கதி.

பிற்பகல், நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே பெரிய மார்க்கெட். மீன் பக்கம் கூரை இடுக்கு வெளிச்சமும் குண்டு பல்பும்தான். இங்கே ஆழத்துக்கு ஏங்க வேண்டிய நிலைமை. எச்பி5 பிளஸ் 400 கறுப்பு வெள்ளை ரோலை 800 என்று ஒளிமீட்டரில் வைத்தால் 1/60இல் எஃப் 4 கிடைத்தது. மீன்காரம்மாவின் முகமும், அவர் கையில் தூக்கிக் காட்டும் வஞ்சிரமும் இரண்டுமே தெளிவாக வேண்டும். 1.5 மீட்டரில் 50 மிமீ லென்ஸுக்கு எஃப் 4இல் 22 செ.மீ. ஆழம், நீட்டிய கைக்கு அது பற்றாது. அதே இடத்தில் நின்று 35 மிமீ லென்ஸ் மாட்டினால் 45 செ.மீ. ஆனால் 35 மாட்டிவிட்டு, முகம் சின்னதாகத் தெரிகிறதே என்று 1.05 மீட்டருக்கு நெருங்கினால் திரும்பவும் 22 செ.மீ.தான். வைட் லென்ஸுக்கு ஆழம் அதிகம் என்பது நின்ற இடத்திலேயே நின்றால்தான். முகத்தை அதே அளவில் நிரப்பினால் எந்த லென்ஸும் அதே ஆழம்தான் தரும். பின்வாங்கி எடுத்து, பிரிண்டில் வெட்டிக்கொள்வது இந்த வெளிச்சத்தில் புத்திசாலித்தனம். கேட்காமல் எடுக்க வேண்டாம். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றால் பெரும்பாலும் மீனை இன்னும் மேலே தூக்கிப் பிடிப்பார்கள்.

800 என்று வைத்துவிட்டால் முழு ரோலும் 800தான். டப்பாவில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். ஐடி-11 டெவலப்பரில், நீர்க்காமல், 20 டிகிரியில் 400க்கு ஏழரை நிமிடம், 800க்குப் பத்தரை.

மூன்றாம் நாள்: கடலூர் ஓ.டி. துறைமுகம்

புதுச்சேரியிலிருந்து தெற்கே கடலூருக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். விடியற்காலைப் பேருந்தைப் பிடித்தால் படகுகள் கரை சேரும் நேரத்துக்குப் பழைய டவுனில் (ஓ.டி.) இருக்கலாம். துறைமுகத்தில் வியூஃபைண்டரில் கண் வைத்துப் பிளவு வட்டத்தைப் பொருத்திக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது. கூடை தலையில் ஏறும், ஏலம் முடியும், ஆள் நகர்ந்துவிடுவார். இன்றைய ஆயுதம் அளவுகோல் மட்டும்.

35 மிமீ லென்ஸ், எஃப் 8, ஃபோகஸ் 3 மீட்டர். தெளிவு 1.9இலிருந்து 7.3 மீட்டர் வரை. அதாவது உங்களுக்கு எதிரே ஒரு ஆள் படுத்தால் தலை முதல் கால் வரை எவ்வளவோ, அதற்கு அப்பால் நிற்கும் எல்லாமே கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கம் ஒரு சிறு படகு நீளம் வரை. 50 மிமீயில் இதே அமைப்பு 2.3இலிருந்து 4.2 வரைதான். 28 மிமீயில் எஃப் 11 என்றால் ஃபோகஸை 2.4 மீட்டரில் வைத்துவிட்டு 1.2 மீட்டரிலிருந்து முடிவிலி வரை மறந்துவிடலாம். ஃபோகஸ் வளையத்தில் ஒரு சின்னத் துண்டு டேப் ஒட்டி அசையாமல் வையுங்கள். தோளில் இடிபடும்போது வளையம் நகர்ந்து பாதி ரோல் வீணாவது சகஜம். தூரம் கணக்கிடும்போது, அது லென்ஸின் முனையிலிருந்து அல்ல, ஃபிலிம் இருக்கும் தளத்திலிருந்து. கேமராவின் மேல்தட்டில் வட்டத்தைக் கோடு வெட்டிய மாதிரி ஒரு குறி இருக்கும், அங்கிருந்து. 3 மீட்டரில் இது பொருட்டில்லை, 60 செ.மீட்டரில் பெரிய வித்தியாசம்.

உப்பனாற்றில் வீச்சு வலை போடுகிறவர்களுக்கு 135 மிமீ. 20 மீட்டர், எஃப் 4: தெளிவு 17.7இலிருந்து 23 வரை, ஐந்து மீட்டருக்குச் சற்று மேல். வலை விரியும்போது வட்டமாக முன்னும் பின்னும் பரவும், அதற்கு இந்த ஐந்து மீட்டர் தாராளம். வீசுகிறவர் மேல் ஃபோகஸ் வைக்காதீர்கள். வலை விழும் இடத்தை முந்தைய வீச்சில் பார்த்துவைத்து, அங்கே மிதக்கும் ஏதாவது ஒன்றில் ஃபோகஸ் செய்து காத்திருங்கள். காலை வெளிச்சத்தில் 400 ரோலுக்கு 1/1000 கிடைத்தது.

வலை பின்னுபவர்களின் கை இங்கே நெருக்கத்தில் பார்க்க வேண்டிய ஒன்று. 45 செ.மீட்டரில் 50 மிமீ எஃப் 1.8க்கு ஆழம் 8 மிமீ. நைலான் கண்ணிகள் மூன்று நான்கு விரல் கனத்துக்கு மடிந்து கிடக்கும். 8 மிமீயில் ஊசி முனை தெரியும், அதைப் பிடித்த விரல் தெரியாது. எஃப் 16க்குப் போனால் 7 செ.மீ. ஊசி, விரல், முடிச்சு, கட்டைவிரலில் ஏறிய காய்ப்பு எல்லாம் உள்ளே வந்துவிடும். கையும் வலையும் ஃபிலிம் தளத்துக்கு இணையாக இருக்கும்படி கேமராவைத் திருப்பினால் எஃப் 8ஏ போதும். அப்பர்ச்சரை மூடுவதற்கு முன்னால் கேமராவைத் திருப்பிப் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை.

உப்புக் காற்றும் வெக்கையும் லென்ஸுக்கு ஆகாது. பழைய லென்ஸ்களில் கிரீஸ் இளகி அப்பர்ச்சர் இதழ்களில் கசிந்து, இதழ்கள் ஒட்டிக்கொண்டு மெதுவாக மூடும். நீங்கள் எஃப் 11 என்று வைத்திருப்பீர்கள். ஷட்டர் திறக்கும் நேரத்தில் இதழ்கள் எஃப் 4ஐத்தான் தாண்டியிருக்கும். படம் அதிக வெளிச்சமாகவும், ஆழம் இல்லாமலும் வரும். ரோல் மாட்டும் முன் சோதித்துவிடலாம்: பின்கதவைத் திற, எஃப் 16, ஷட்டரை பி யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் அமைப்பு) வைத்து அழுத்திப் பிடி, வெளிச்சத்துக்கு நேரே பின்னாலிருந்து பார். சிறு துளை சட்டென்று தெரிய வேண்டும். துளை சுருங்குவதைக் கண்ணால் பின்தொடர முடிகிறது என்றால் அந்த லென்ஸ் சுத்தம் பார்க்கப் போக வேண்டும்.

நான்காம் நாள்: தேவனாம்பட்டினம், திருப்பாதிரிப்புலியூர்

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் சூரியன் வருவதற்கு முன். ஆழம் வேண்டுமென்று எஃப் 16 வைத்தால் நேரம் நீளும். நேரம் நீண்டால் ஃபிலிம் சோம்பிவிடும். எச்பி5 பிளஸுக்கு ஒளிமீட்டர் 4 விநாடி சொன்னால் 6 விநாடி கொடுக்க வேண்டும்; 10 சொன்னால் 20. அலை நுரை பஞ்சாகும், கட்டுமரம் கரையில் ஏறியிருந்தால் மட்டும் தெளிவாக நிற்கும். மணலில் டிரைபாட் கால்களை அழுத்திப் புதைத்துவிட்டு, அலை காலைத் தொடாத இடமாகப் பாருங்கள். கடலைக் கறுப்பாக்க ஆரஞ்சு ஃபில்டர் மாட்டுகிறவர்கள், அது இரண்டு ஸ்டாப் தின்னும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெயில் ஏறியதும் பாடலீஸ்வரர் கோயில். கல்லைக் கட்டிக் கடலில் இறக்கிய அப்பர் கரையேறிய ஊர் இது என்பது தலபுராணம். சன்னதிக்கு வெளியே பூக்கடை, பின்னால் கோபுரம். கூடையில் சுருட்டி வைத்த மல்லிகைச் சரம் 60 செ.மீட்டரில், கோபுரம் நாற்பது ஐம்பது மீட்டரில். இரண்டும் தெளிவாக வேண்டும் என்பது எல்லாருக்கும் தோன்றும் படம்தான். 28 மிமீ, எஃப் 16: ஹைப்பர்ஃபோகல் 1.66 மீட்டர், தெளிவு தொடங்குவது 83 செ.மீட்டரில். பூ வெளியே. எஃப் 22க்குப் போனால் கணக்குப்படி சரியாக 60 செ.மீ. வந்துவிடுகிறது, காகிதத்தில் எல்லாம் பொருந்துகிறது. ஆனால் சின்னத் துளை வழியே போகும் ஒளி தானாகவே சிதறி விரியும். எஃப் 8இல் அந்தச் சிதறல் வட்டம் 0.011 மிமீ, எஃப் 16இல் 0.021, எஃப் 22இல் 0.03. ஆழத்துக்கு நாம் அனுமதித்த மங்கலின் முழு ஒதுக்கீட்டையும் சிதறலே தின்றுவிடுகிறது. பூ முதல் கலசம் வரை ஒரே சீராக, லேசாகப் பாலாடை படிந்த மாதிரி ஒரு படம் கிடைக்கும். எங்கள் தீர்ப்பு: எஃப் 11, இரண்டு அடி பின்வாங்கிச் சரம் 1.2 மீட்டரில் வரும்படி நின்று, ஃபோகஸ் 2.4 மீட்டர். சரம் சட்டகத்தில் சின்னதாகும், ஆனால் மல்லிகை மொட்டும் கோபுரத்துச் சுதையும் தெளிவாகவே இருக்கும். எஃப் 22 லென்ஸில் இருக்கட்டும். வேறு வழியே இல்லாதபோது பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் நாள்: கழுவுதல், லூப் பார்த்தல்

குழாய்த் தண்ணீர் 20 டிகிரியைவிட எங்கேயோ மேலே இருக்கும். டெவலப்பர் பாட்டிலை அகலமான சட்டியில் வைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் துண்டுகளைச் சட்டித் தண்ணீரில் போடுங்கள். ஐஸை நேராக டெவலப்பரில் போட்டால் கரைசல் நீர்த்துவிடும். ஃபிக்சரையும் கழுவும் தண்ணீரையும் அதே சூட்டுக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

காய்ந்த நெகட்டிவை லைட் பெட்டியில் வைத்து எட்டு அல்லது பத்து மடங்கு லூப்பால் (உருப்பெருக்கிக் கண்ணாடி) பாருங்கள். மங்கலாக இருக்கும் எல்லாமே ஆழக் குறைவு இல்லை. வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் குட்டிக் கோடாக இழுபட்டிருந்தால் கை ஆட்டம். எஃப் 16 ஆசையில் ஷட்டரை 1/30க்கு இறக்கியதன் பலன். முகம் மங்கி, பின்னால் சுவர்க் காரையோ காது வளையமோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறு. நெகட்டிவ் அடர்த்தியாகக் கறுத்து, குறிப்பில் எஃப் 11 என்று எழுதியிருந்தும் பின்னணி கரைந்திருந்தால் இதழ் ஒட்டல். எங்கேயும் கூர்மை இல்லாமல் எல்லாம் சமமாக மெத்தென்றிருந்தால் எஃப் 22. இதைப் பிரித்தறிய ஒவ்வொரு படத்துக்கும் நான்கு விஷயம் எழுதிவைத்திருக்க வேண்டும்: லென்ஸ், அப்பர்ச்சர், ஷட்டர், எதில் ஃபோகஸ் வைத்தோம். பாக்கெட் நோட்டில் ஒரு வரி போதும்.

எல்லாப் படத்திலும் ஃபோகஸ் ஒரே பக்கமாகத் தள்ளிப் போயிருக்கிறதா? கேமராவின் கண்ணாடியோ ஃபோகஸ் ஸ்கிரீனோ இடம் மாறியிருக்கலாம். ஒரு மர ஸ்கேலை மேஜைமேல் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். 60 செ.மீ. தூரம், 50 மிமீ, எஃப் 2, டிரைபாடில் கேமரா. ஸ்கேலின் 15ஆம் கோட்டுக்கு ஃபோகஸ். இந்தத் தூரத்தில் ஆழம் 16 மிமீ, சாய்ந்த ஸ்கேலில் 15க்கு இருபுறமும் ஒரு செ.மீ. அளவு. பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் ட்ரேசிங் பேப்பரை இறுக்கமாகப் பிடித்து, ஷட்டரை பி யில் திறந்து, லூப்பால் தலைகீழாகத் தெரியும் ஸ்கேலைப் படியுங்கள். 15க்குப் பதில் 17 கூர்மையாக இருந்தால் மெக்கானிக்கிடம் கண்ணாடியின் நிறுத்தத்தையும் ஸ்கிரீன் உயரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ட்ரேசிங் பேப்பரையும் ஸ்கேலையும் கையோடு கொண்டுபோங்கள். சரி செய்த பிறகு அவர் கடையிலேயே இன்னொரு முறை பார்த்துவிடலாம்.